சங்கீதத்துல இவ்வளவு புலம்பல் ஏன், கடவுள்கிட்ட இப்படிச் சண்டை போடலாமா?

கேள்வி ரெண்டு பாகமா வந்திருக்கு. பைபிள்ல இருக்கற சங்கீதம்ங்கற பாட்டுப் புத்தகத்துல பாதிக்கு மேல ஒரே அழுகையும் புகாருமா இருக்கே, கடவுளைப் பார்த்து "ஏன் தூங்குறீர்"னு கேக்கறதெல்லாம் ஜெபத்துல சேருமா இல்ல வாய்த்துடுக்கா, இது ஒண்ணு. அழுதுகிட்டே வந்த ஆள் கடைசி ரெண்டு வசனத்துல திடீர்னு "பாடுவேன்"னு சந்தோஷமாயிடறாரே, நடுவுல என்னதான் நடந்துச்சு, இது ரெண்டாவது. கூடவே, பைபிள்லயே புலம்பல்னு தனியா இருக்கற புத்தகத்தை எழுதினது எரேமியா தீர்க்கதரிசிதானான்னு ஒரு வரி. எல்லாத்தையும் சேர்த்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

பாதிக்கு மேலங்கறது கொஞ்சம் ஜாஸ்தி. 150 சங்கீதத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல் வகைன்னு வச்சுக்கலாம், எண்ணுற ஆளைப் பொறுத்து முன்னபின்ன வரும். ஆனா வகை வாரியா பிரிச்சுப் பார்த்தா அதைவிடப் பெரிய கூட்டம் வேற கிடையாது, அதுவும் முதல் பாதியில நெருக்கமா கிடக்கும், கடைசிக்குப் போகப்போக துதி ஜாஸ்தியாகி 146ல இருந்து 150 வரைக்கும் வெறும் அல்லேலூயாதான். அதனால முதல்ல இருந்து வரிசையா வாசிக்கிற எல்லாருக்கும் உங்க சந்தேகம் வரத்தான் செய்யும்.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுக்கணும். செத்தவங்களுக்காகப் பாடுறது வேற, கஷ்டத்துல கடவுள்கிட்ட முறையிடறது வேற. ரெண்டையும் நாம புலம்பல்னே சொல்லிடறோம். முதல் வகை நம்ம ஒப்பாரி மாதிரிதான், அதுக்குன்னே தொழில்முறை பெண்கள் இருந்தாங்க, எரேமியா 9ல "புலம்பற்காரிகளை" கூப்பிட்டு அனுப்புங்க, உங்க மகள்களுக்கும் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுங்கன்னு வருது. இந்த வகையில பைபிள்ல இருக்கறதுலயே அழகானது 2 சாமுவேல் 1, சவுல் ராஜாவும் அவர் மகன் யோனத்தானும் கில்போவா மலையில செத்த சேதி வந்ததும் தாவீது பாடுறது. காத் ஊர்ல சொல்லாதீங்க, அஸ்கலோன் தெருவுல சொல்லாதீங்க, எதிரிங்களான பெலிஸ்தர் பொண்ணுங்க சந்தோஷப்படுவாங்கங்கறார், கில்போவா மலையே உன்மேல பனியும் மழையும் விழவேண்டாம்னு மலையைச் சபிக்கிறார், இஸ்ரவேல் பெண்களைப் பார்த்து உங்களுக்குச் சிவப்புச் சேலையும் பொன் நகையும் போட்டுப்பார்த்த சவுலுக்காக அழுங்கங்கறார். அந்தப் பாட்டு முழுக்கத் தேடிப் பாருங்க, கடவுள் பேரு ஒரு தடவைகூட வராது. ஒரு வேண்டுதலும் இல்ல. போனவங்களைப் பார்த்துப் பாடுறது, அவ்வளவுதான். இத்தனைக்கும் பாடுறது தாவீது, எதுக்கெடுத்தாலும் கர்த்தாவேன்னு ஆரம்பிக்கிற ஆளு.

சங்கீதத்துல இருக்கற புலம்பல் இதுக்கு நேர் எதிர் திசை. பாடுறவன் இன்னும் சாகல, சாகப்போறோமோன்னு பயந்துகிட்டு இருக்கான், பேச்சு முழுக்க ஒருத்தரை நோக்கித்தான். 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கலாம், தமிழ்ல ஆறே வசனம், இந்த வகை முழுசையும் கையடக்கமா அதுலயே பார்த்துடலாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு ஆரம்பிக்குது. எதுவரைக்கும்ங்கற கேள்வி நாலு தடவை வரும். முதல் ரெண்டும் கடவுள் மேல (மறந்துட்டீர், முகத்தை மறைச்சுட்டீர்), மூணாவது தன் மேல (நாள்பூரா மனசுக்குள்ள கவலையைச் சுமந்துகிட்டு இருக்கேன்), நாலாவது எதிரி மேல (அவன் எத்தனை நாள் என் தலைக்கு மேல நிப்பான்). நீர், நான், அவன். இந்த மூணு முனையும் கிட்டத்தட்ட எல்லாப் புலம்பல் சங்கீதத்துலயும் இருக்கும்னு கிளாஸ் வெஸ்டர்மான்னு ஒரு ஜெர்மன் அறிஞர் எடுத்துக்காட்டினார். அவருக்கு முந்தின தலைமுறையில ஹெர்மன் குங்கெல் சங்கீதங்களை வகை பிரிச்சு, தனி ஆள் புலம்பல், ஊரே சேர்ந்து புலம்பறதுன்னு பேர் வச்சதுதான் இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் ஆரம்பிக்கிற இடம், அதுல ஆயிரம் திருத்தம் வந்துடுச்சுங்கறது வேற கதை.

திரும்ப 13க்கு. அடுத்த ரெண்டு வசனம் வேண்டுதல். பாரும், பதில் சொல்லும், கண்ணைத் தெளிவாக்கும். ஆனா சும்மா கேட்டுட்டு நிறுத்தல, ஒவ்வொண்ணுக்கும் காரணம் அடுக்குறான்: இல்லைன்னா நான் செத்துத் தூங்கிடுவேன், இல்லைன்னா எதிரி அவனை ஜெயிச்சுட்டேம்பான், இல்லைன்னா நான் தள்ளாடுறதைப் பார்த்து அவங்க குதிப்பாங்க. இந்தக் காரணம் அடுக்கறதைத்தான் நம்மாளுங்க கவனிக்காம தாண்டிப் போயிடறாங்க. எபிரேய ஜெபத்தோட ஸ்பெஷாலிட்டியே அங்கதான் இருக்குன்னு நான் நினைக்கறேன். அழுது இரக்கம் வாங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும், வாதாடி சம்மதிக்க வைக்கிற வேலைதான் அதிகம். 6ஆம் சங்கீதத்துல "மரணத்தில் உம்மை நினைவுகூர்வதில்லை, பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார்?" 30ல "புழுதி உம்மைத் துதிக்குமோ?" அதாவது என்னை சாக விட்டா நஷ்டம் உமக்கும்தான், ஒரு பாடகன் குறைஞ்சுடுவான். அந்தக் காலத்து இஸ்ரவேலருக்கு செத்தவங்க எல்லாரும் போற ஷியோல்ங்கற இடம் ஒரு ஓசையில்லாத கிடங்கு, சொர்க்கம் நரகம்னு பிரிவினை எல்லாம் இந்தப் பாட்டுக்காரங்ககிட்ட கிடையாது, அதனால இந்த வாதத்துக்கு அவங்க காதுல நல்ல கனம் இருந்திருக்கும். இன்னிக்கு நாம இதை வாசிக்கும்போது மோட்சத்தை மனசுல வச்சுகிட்டு வாசிச்சா அந்த அவசரமே புரியாது.

இப்ப, கடவுளைத் தூங்குறீரான்னு கேக்கறது. அது சங்கீதம் 44. கூட்டமா பாடுற புலம்பல், ஏதோ போர்ல தோத்திருக்காங்க. ஆரம்பம் என்னவோ எங்க அப்பா தாத்தா காலத்துல நீர் என்னெல்லாம் செஞ்சீர்னு நன்றியாத்தான் இருக்கு, ஒன்பதாம் வசனத்துல ஒரே திருப்பு, இப்ப எங்களைத் தள்ளிட்டீர், ஆட்டை விக்கிற மாதிரி வித்துட்டீர், அதுவும் சும்மா கொடுத்துட்டீர், லாபம்கூட பாக்கல. அதுக்கப்புறம் இன்னும் காரமா ஒண்ணு வருது: இவ்வளவும் நடந்தும் நாங்க உம்மை மறக்கல, உடன்படிக்கைக்குத் துரோகம் பண்ணல. தப்பு எங்க மேல இல்லைன்னு நேரடியாவே சொல்றாங்க. அப்புறம்தான் "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" இதே புத்தகத்துல 121ல "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை"ன்னு இருக்கு. ரெண்டும் ஒரே புத்தகத்துக்குள்ளதான், யாரும் ஒண்ணை எடுத்து வெளிய போடல.

உங்களுக்கு வந்த சங்கடம் பழைய ரபிமாருக்கும் (யூத வேத போதகர்கள்) வந்துச்சு. எருசலேம் ஆலயத்துல லேவியர் (ஆலயப் பாடகர்கள்) தினமும் மேடையேறி இந்த விழித்துக்கொள்ளும் வசனத்தைச் சொல்லிகிட்டு இருந்தாங்களாம், யோகனான்னு ஒரு பிரதான ஆசாரியர் அதை நிறுத்திட்டார்னு மிஷ்னாங்கற பழைய யூத சட்டத் தொகுப்புல ஒரு குறிப்பு இருக்கு. ஏன் நிறுத்தினார்னு தல்மூத் (மிஷ்னாவுக்கு வந்த விரிவுரை) விளக்கும்போது, கடவுளுக்குத் தூக்கம் உண்டான்னு கேட்டு அந்த 121ஆம் சங்கீத வசனத்தைத்தான் எடுத்துக் காட்டுது. வழிபாட்டுல தினமும் சொல்றது நின்னுச்சு, ஆனா சங்கீதம் அழியல, 44 அப்படியே இருக்கு. அதுல ஒரு வசனத்தை பவுல் ரோமர் 8ல எடுத்து எழுதுறார் (உமது நிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம்ங்கறது).

அதனால உங்க முதல் கேள்விக்கு என் பதில்: அது ஜெபம்தான், அரைகுறை ஜெபம்னும் சொல்ல மாட்டேன். அவங்க கடவுளைப் பத்தி பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட குறை சொல்லல, அவர்கிட்டயே சொல்றாங்க. யோபு புத்தகத்தைப் பாருங்க, யோபு பல அத்தியாயத்துக்குக் கடவுளைக் கேள்வி மேல கேள்வி கேட்டு வறுத்தெடுக்கிறார், அவரோட மூணு நண்பர்கள் கடவுளுக்காக வக்காலத்து வாங்கறாங்க, கடைசியில 42ஆம் அதிகாரத்துல கடவுள் எலிப்பாஸ்கிட்ட சொல்றது என்ன, என் தாசனாகிய யோபு மாதிரி நீங்க என்னைப் பத்தி சரியா பேசலைன்னு. எரேமியா இன்னும் ஒரு படி மேல, 15:18ல கடவுளையே நம்பப்படாத ஊற்றுங்கறார், வெயில் காலத்துல போய்ப் பார்த்தா வத்திக் கிடக்கற ஓடை. வறண்ட ஊர்ல அதைவிடப் பெரிய குத்தச்சாட்டு எது இருக்கு.

ரெண்டாவது கேள்விதான் நிஜமாவே சிக்கலானது. 13ஆம் சங்கீதத்தோட கடைசி ரெண்டு வசனம் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்", அப்புறம் பாடுவேன். 22ல அதைவிட சடார்னு நடக்குது, "ஏன் என்னைக் கைவிட்டீர்"ல ஆரம்பிச்சு, சுத்தி பாசானின் எருதுகள், நாய்கள், சிங்கத்தோட வாய்னு போய்கிட்டே இருக்கு, 21ல இருந்து 22க்குப் போகும்போது சபை நடுவுல உம்மைத் துதிப்பேன்னு ஆயிடுது. நடுவுல ஒரு காரண வார்த்தையும் இல்ல.

இதுக்கு ரொம்ப பிரபலமான விளக்கம் யோவாகிம் பெக்ரிக்னு ஒருத்தர் 1934ல சொன்னது. ஆலயத்துல ஒருத்தன் புலம்பி முடிச்சதும் ஆசாரியர் கடவுள் பேர்ல "பயப்படாதே"ன்னு ஒரு வாக்கு சொல்வார், அது பாட்டுல எழுதப்படல, அதைக் கேட்ட பிற்பாடு பாடுறதுதான் கடைசி பகுதின்னார். கேக்க நல்லா இருக்கு, ஆதாரமும் கொஞ்சம் இருக்கு. 1 சாமுவேல் 1ல அன்னாள் கதை அப்படியே இதுக்குப் பொருந்தும்: பிள்ளையில்லாம சீலோவுல போய் அழுது ஜெபிக்கிறா, உதடு அசையுது சத்தம் வரல, ஆசாரியன் ஏலி குடிச்சிருக்கான்னு நினைச்சு அதட்டறான், இல்ல ஐயா மனசு நொந்து ஜெபிக்கிறேன்னு அவ சொன்னதும், சமாதானமா போ, நீ கேட்டதை இஸ்ரவேலின் தேவன் தருவார்ங்கறான். அவ எழுந்து போய் சாப்பிட்டா, அதுக்கப்புறம் முகம் வாடலைன்னு எழுதியிருக்கு. பிள்ளை இன்னும் பிறக்கல, கர்ப்பம்கூட ஆகல, ஒரு வார்த்தைதான் கிடைச்சுது. (இந்த அன்னாள்கிட்ட இருந்துதான் உதட்டை அசைச்சு, சத்தம் வராம, மனசை ஒருமுகப்படுத்தி ஜெபிக்கணும்ங்கற விதிகளை ரபிமார் எடுத்தாங்க, அவளை அதட்டின ஆசாரியன்கிட்ட இருந்து இல்ல.) 12ஆம் சங்கீதத்துலயும் 60லயும் நடுவுல கடவுளே பேசற வரிகள் அப்படியே இருக்கு.

ஆனா எனக்கு இதுல முழுத் திருப்தி கிடையாது. கடவுள் பேசற வரி கொஞ்ச சங்கீதத்துலதான் எழுதியிருக்கு, மீதி எல்லாத்துலயும் எழுதாம விட்டுட்டாங்கன்னு ஏன் நம்பணும்? அதைவிட முக்கியமா, திருப்பம் எப்பவும் அழுகையில இருந்து சந்தோஷத்துக்குத்தான் போகுதுன்னு யார் சொன்னா? 40ஆம் சங்கீதம் தலைகீழா போகுது. குழியில இருந்து தூக்கினார், புதுப்பாட்டு கொடுத்தார்னு நன்றியில ஆரம்பிச்சு, பாதிக்கு மேல எண்ணமுடியாத தீமைகள் என்னைச் சூழ்ந்துடுச்சு, சீக்கிரம் வாரும்னு முடியுது. அந்தக் கடைசி பகுதியே தனியா 70ஆம் சங்கீதமா இன்னொரு தடவை இருக்கு, அப்ப ரெண்டையும் வேணும்னே சேர்த்துக் கட்டியிருக்காங்கன்னுதான் அர்த்தம். 89 இன்னும் மோசம், தாவீதுக்குக் கொடுத்த வாக்கை நீளமா, ஆனந்தமா பாடிட்டு 38ஆம் வசனத்துல, ஆனா நீர் தள்ளிவிட்டீர்னு கவுத்துப் போட்டுடுது. எரேமியா 20ல 13ஆம் வசனம் கர்த்தரைப் பாடுங்கள், 14ஆம் வசனம் நான் பிறந்த நாள் சபிக்கப்படட்டும். இதுக்கெல்லாம் எந்த ஆசாரியர் என்ன வாக்கு சொன்னார்?

அதனால எனக்குத் தோணுறது, கடைசி வரிகள்ல இருக்கற துதி பெரும்பாலும் ஒரு நேர்த்திக்கடன். நீர் காப்பாத்தினா நான் சபை நடுவுல வந்து சொல்லுவேன், பலி செலுத்துவேன், ஏழைங்க சாப்பிட்டுத் திருப்தியாவாங்க (இது 22:26லயே இருக்கு). லேவியராகமம் 7ல ஸ்தோத்திர பலின்னு ஒண்ணு இருக்கு, அந்தக் கறியை அன்னிக்கே தின்னு முடிக்கணும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது, அப்ப தனியா ஒரு ஆள் தின்னா தீராது, ஊரைக் கூப்பிட்டுத்தான் ஆகணும், கூப்பிட்டா ஏன் எதுக்குன்னு கதை சொல்லித்தான் ஆகணும். அதனால அந்த "பாடுவேன்" நடந்து முடிஞ்சதைச் சொல்ற வரி இல்ல, வாதத்தோட கடைசிப் புள்ளி. ஷியோல்ல யார் துதிப்பாங்கன்னு கேட்ட அதே ஆளு, இங்க நான் துதிப்பேன்னு வாக்குக் கொடுக்கறான்.

எதுவுமே திரும்பாத சங்கீதம் ஒண்ணு இருக்கு, 88. ராத்திரி பகலா கத்தறேன், என்னைக் குழியில போட்டீர், செத்தவங்களுக்கா அதிசயம் செய்யப்போறீர்னு கேட்டுகிட்டே போகுது, சிநேகிதனையும் தோழனையும் தூரமாக்கினீர்னு சொல்லி எபிரேயத்துல இருட்டுங்கற சொல்லோட நின்னுடுது. துதி கிடையாது, நேர்த்தி கிடையாது. ஆனா முதல் வரி மட்டும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே". இதைப் பிரசங்கம் பண்றவங்க கடைசியில எப்படியாவது ஒரு ஆறுதலை ஒட்ட வச்சுடறாங்க, அதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலா வரும். தொகுத்தவங்களுக்கு ஒட்ட வைக்கத் தெரியாதா என்ன, வேண்டாம்னு விட்டிருக்காங்க.

புலம்பல் புத்தகத்துக்கு வரேன். கி.மு. 587 இல்லைன்னா 586ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரோட படை எருசலேமை எரிச்சது, அதுக்கு எழுதின அஞ்சு பாட்டு. எரேமியா எழுதினார்ங்கறது பழைய மரபு, கிரேக்க மொழிபெயர்ப்புல அப்படி ஒரு முன்னுரையே சேர்த்திருக்காங்க, நம்ம பைபிள்ல எரேமியாவுக்கு அடுத்து வரது அதனாலதான். எபிரேய பைபிள்ல அது தீர்க்கதரிசிகள் பகுதியிலயே இல்ல, எழுத்துகள்ங்கற மூணாவது பகுதியில இருக்கு, பாட்டுக்குள்ள யார் பேரும் இல்ல. பெயரில்லாத பாட்டுன்னே வாசிக்கலாம், ஒண்ணும் குறையாது.

இந்தப் புத்தகத்துலதான் நான் மேல பிரிச்ச ரெண்டு வகையும் ஒண்ணா மோதுது. "ஐயோ! ஜனம் பெருத்த நகரி தனிமையாக உட்கார்ந்திருக்கிறாளே!"னு ஒப்பாரி மாதிரியே ஆரம்பிக்குது, நகரத்தை விதவையாக்கி, வெளிய நின்னு ஒருத்தர் பாடறார். ஒப்பாரி ஓசையும் அதுல இருக்கு, வரியோட முதல் பாதியில மூணு அழுத்தம், ரெண்டாவது பாதியில ரெண்டே அழுத்தம், நொண்டற மாதிரி கேக்கும், கார்ல் புட்டே 1882ல இதைக் கண்டுபிடிச்சு எழுதினார் (எல்லா வரிக்கும் பொருந்தாது, தாவீதோட பாட்டுக்கே சரியா பொருந்தாது). ஆனா ஒப்பாரியில செத்தவங்க எழுந்து பேச மாட்டாங்க, இங்க முதல் பாட்டுல 9ஆம் வசனத்துலயும் 11ஆம் வசனத்துலயும் அந்த நகரமே குறுக்க புகுந்து, கர்த்தாவே பாரும்னு கூவுது. பிணம்னு நினைச்சது உயிரோட இருக்கு, ஒப்பாரி ஜெபமா மாறிடுது. சுமேரியர்கள் இதுக்கு ஆயிரத்து சொச்சம் வருஷம் முன்னாடியே ஊர் (Ur)ங்கற பேருள்ள தங்க நகரம் அழிஞ்சதுக்கு நீளமான புலம்பல் எழுதியிருக்காங்க, அங்க நகரத்துக்காக அழுது கெஞ்சறது நிங்கால்ங்கற தேவதை. இஸ்ரவேல்ல அப்படி ஒரு தேவதைக்கு இடமில்ல, அதனால நகரமே தனக்காக அழ வேண்டியிருக்கு.

கட்டமைப்பைப் பார்த்தா இன்னும் வியப்பு. முதல் நாலு பாட்டும் அகரவரிசை, எபிரேய எழுத்து 22க்கும் ஒவ்வொரு வசனம், மூணாவதுல எழுத்துக்கு மூணு, மொத்தம் 66. கதறலை இப்படி எழுத்து எழுத்தா எண்ணிக் கட்டியிருக்காங்க. அஞ்சாவதுல 22 வசனம் இருக்கு, ஆனா எழுத்து வரிசை இல்ல, அதுவரைக்கும் பிடிச்சுகிட்டு இருந்த கை விட்டுடுச்சுன்னு நான் வாசிக்கறேன், நீங்க வேற மாதிரி வாசிக்கலாம். எல்லாரும் காலண்டர்ல போடற "அவைகள் காலைதோறும் புதியவைகள்" அந்த மூணாவது பாட்டு நடுவுல இருக்கு, ஆனா அதுக்கு இருபது வசனம் தள்ளி அதே பாட்டுல "ஜெபம் உட்பிரவேசிக்கக்கூடாதபடி உம்மை மேகத்தால் மூடிக்கொண்டீர்". காலண்டர்ல இது வராது.

அந்தப் புத்தகம் முழுக்கக் கடவுள் நேரா பேசறதே இல்ல. 3:57ல மட்டும் முன்ன ஒருநாள் கூப்பிட்டப்போ நீர் "பயப்படாதே" என்றீர்னு பழசை ஞாபகப்படுத்தறாங்க, பெக்ரிக் சொன்ன அதே வார்த்தை. முடிவு 5:22, எங்களை முழுக்கத் தள்ளிட்டீரோங்கற இடத்துல. யூதர்கள் ஆலயம் அழிஞ்சதை நினைச்சு, தங்க காலண்டர்ல ஆப் மாசம் ஒன்பதாம் நாள் உபவாசம் இருந்து, விளக்கைக் குறைச்சு, தரையிலயோ தாழ்வான இடத்துலயோ உட்கார்ந்து இதை ராகமா வாசிக்கறாங்க, 22 முடிஞ்சதும் எங்களைத் திருப்பிக்கொள்ளும்ங்கற 21ஐத் திரும்ப ஒரு தடவை சொல்லித்தான் நிறுத்தறாங்க. அதுக்கு அடுத்த ஓய்வுநாள்ல ஏசாயா 40, என் ஜனத்தைத் தேற்றுங்கள். புலம்பல் முதல் பாட்டுல தேற்ற ஆளில்லைன்னு திரும்பத்திரும்ப வந்ததுக்கு அதுதான் பதில்.

சாபம் போடற சங்கீதம் பத்தி நீங்க கேக்கல, ஆனா அடுத்து அதுதான் வரும். 137 கடைசி வசனம், 109, 58. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் திருத்தின கத்தோலிக்க திருப்புகழ்மாலையில (குருக்களும் துறவிகளும் தினமும் சொல்ற ஜெபப் புத்தகம்) 58, 83, 109 மூணையும் முழுசா எடுத்துட்டாங்க, 137 மாதிரி சிலதுல கடைசி வசனங்களை மட்டும். அவங்க சங்கடம் புரியுது. ஆனா பாபிலோன் பிடிச்சுட்டுப் போன ஜனத்துக்கிட்ட உங்க ஊர் பாட்டுல ஒண்ணு பாடுன்னு கேலி பண்ணினவங்களுக்கு அந்தச் சாபம். பழியைத் தன் கையில எடுக்கல, கடவுள்கிட்ட ஒப்படைச்சிருக்காங்கன்னு சிலர் சமாதானம் சொல்வாங்க, அது பாதிதான் சரி, 137 கடைசியில, பாபிலோனோட குழந்தைகளைக் கல்லுல மோதறவன் பாக்கியவான்ங்கற அந்த வரியை எந்தச் சமாதானமும் மென்மையாக்காது.

வாசிக்க ஆரம்பிக்கறதா இருந்தா 13, 44, 88, 130, அப்புறம் புலம்பல் முதல் பாட்டும் அஞ்சாவதும், இந்த வரிசையில போங்க, வாய்விட்டு வாசிச்சாத்தான் அந்த ரெட்டை வரி ஓசை பிடிபடும். எபிரேய பைபிளோ யூத மொழிபெயர்ப்போ பக்கத்துல வச்சு ஒப்பிட்டா தலைப்பையும் அவங்க வசனமா எண்ணுவாங்க, அதனால அந்த விழித்துக்கொள்ளும் வசனம் 44:23 அங்க 44:24ஆ இருக்கும், பழைய கத்தோலிக்க பைபிள்ல சங்கீத எண்ணே ஒண்ணு குறைஞ்சு 43னு வரும், குழம்பிடாதீங்க.